அடுத்த ஆள் காத்திருக்கிறார்: ஹூட் டு கோஸ்ட் தொடர் ஓட்டமும் என் சர்க்கரை அளவும்

ஜனவரியில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 சதவீதம் என்று இருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. நம் வீடுகளில் ‘பார்டர்ல இருக்கு’ என்பார்களே, அதுதான். அப்போது எனக்கு வயது 46, உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஐம்பது வயதை ஒட்டியே சர்க்கரை வந்துவிட்டது. ஆசிய வம்சாவளியினரை, எடையையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 23-ஐத் தொட்டதுமே நீரிழிவுக்குப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு அது 25. என்னுடையது 29.

அதாவது எனக்குத் தகவல் பஞ்சம் எதுவும் இல்லை. மருத்துவர் நடக்கச் சொன்னார். ஒன்பது நாள் நடந்தேன். பத்தாம் நாள் மழை. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து பக்கம் குடியிருப்பவர்களுக்கு, ஜனவரியில் மழையைச் சாக்காகச் சொல்வது எவ்வளவு வெட்கக்கேடு என்று தெரியும். இங்கே நவம்பரில் பிடிக்கும் தூறல் ஏப்ரல் வரைக்கும் விடாது. இதற்கு முன்பும் இரண்டு முறை ஜிம்மில் சேர்ந்து பணம் கட்டியிருக்கிறேன். அடி எண்ணும் கடிகாரம் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

இதை ஆய்வு என்று சொன்னாலும், ஆய்வுக்கு உட்பட்டவன் ஒரே ஆள், அதுவும் எழுதுகிறவனே. அதனால் இதில் வரும் எண்களை என் எண்களாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மருத்துவர், மனைவி, கடிகாரம், பயம் நான்கும் சேர்ந்து நகர்த்த முடியாத ஆளை ஒரு தொடர் ஓட்டம் எப்படி நகர்த்தியது? அப்புறம் ஏன் பாதியில் கைவிட்டது?

ஓட்டம் என்ன மாதிரியானது

ஹூட் டு கோஸ்ட் 1982-இல் தொடங்கியது. அப்போது ஓரிகன் ரோடு ரன்னர்ஸ் கிளப்பின் தலைவராக இருந்த பாப் ஃபூட் மலையிலிருந்து கடல் வரைக்கும் ஓடிப் பார்க்கலாமே என்று நினைத்தார். முதல் வருடம் வந்தவை எட்டே அணிகள். இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே தொடங்கி சனிக்கிழமை முடியும். ஹூட் மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிம்பர்லைன் விடுதியில் புறப்பட்டு, பசிபிக் கரையில் உள்ள சீசைடு ஊரின் மணலில் போய் முடிகிறது. மொத்தம் 198 மைல், நம் கணக்கில் 320 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர், இரண்டு வேன். பாதையை 36 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஆளுக்கு மூன்று. முதல் வேனில் இருக்கும் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓடி முடித்ததும் இரண்டாம் வேன் பொறுப்பேற்கும். அதற்குள் முதல் வேன் முன்னால் போய் எங்கேயாவது புல்வெளியில் படுத்துக்கொள்ளும். இப்படி மாறி மாறி, ராத்திரி முழுக்க. கைமாற்றுவதற்குக் கம்பு கிடையாது. மணிக்கட்டில் தட்டினால் தானாகச் சுருண்டுகொள்ளும் ஒரு பட்டை, அவ்வளவுதான். அதைக் கழற்றி அடுத்தவர் கையில் அடிக்கும்போது அது முந்தைய ஆளின் வியர்வையில் ஊறிக் கொழகொழவென்று இருக்கும். முதல் முறை அருவருப்பாக இருந்தது. மூன்றாம் முறை கவனிக்கவே இல்லை.

ஓட்டத்தைத் துண்டு போட்டுக் கைமாற்றும் யோசனை ஜப்பானில் இன்னும் பழையது. 1917-இல் கியோட்டோவிலிருந்து தோக்கியோ வரைக்கும் சுமார் 508 கிலோமீட்டரை மூன்று நாளில் ஓடினார்கள். அங்கே கைமாற்றுவது தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் துணிப்பட்டை. பெயர் தாசுகி. ஜப்பானியர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு புனிதப் பொருள். எங்கள் பட்டைக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. பாதி வழியில் ஒருவர் அதை வேன் கதவில் மாட்டி வைத்துவிட்டுத் தேடோ தேடென்று தேடினார்.

எப்படி உள்ளே வந்தேன்

ஏப்ரலில் அலுவலக அணியில் ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. அணித் தலைவி எங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், வயது 61. இந்த ஓட்டத்தைப் பல முறை ஓடியவர். சாப்பாட்டு அறையில் என் எதிரே உட்கார்ந்து, “ஒரு மைல் ஓட உனக்கு எத்தனை நிமிஷம் ஆகும்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “சரி, ஆகஸ்டுக்குள் தெரிந்துகொள்” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சம்மதம் சொன்னதாக எனக்கு இன்றுவரை நினைவில்லை.

வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தார். “என்னங்க, குப்பைத் தொட்டியத் தெருமுனைக்குத் தள்ளிட்டு வரவே உங்களுக்கு மூச்சு வாங்குது.” உண்மைதான்.

இருபது வாரம் இருந்தது. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. நான்காம் வாரம் இரண்டுக்கு ஒன்று. எட்டாம் வாரம் நிற்காமல் மூன்று கிலோமீட்டர். வேகத்தைப் பற்றி ஒரே விதிதான்: ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். மெதுவாக ஓடுவதே உடம்புக்கு நல்லது என்கிற இந்த எண்ணத்துக்கு ஓரிகனில் ஒரு வேர் உண்டு. யூஜீனில் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மன் 1962-இல் நியூசிலாந்து போனார். அங்கே ஆர்தர் லிடியர்ட் என்ற ஓட்டப் பயிற்சியாளர் நடுத்தர வயதுக்காரர்களையும் வயதானவர்களையும் கூட்டமாக மெதுவோட்டம் ஓட வைத்திருப்பதைப் பார்த்தார். வயதில் மூத்த ஒருவரோடு சேர்ந்து ஓடிய பவர்மனுக்கே மூச்சு முட்டியதாம். ஊர் திரும்பியதும் சாதாரண ஜனங்களைக் கூப்பிட்டு ஓடச் சொன்னார். ‘ஜாகிங்’ அமெரிக்காவில் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. பிற்பாடு நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் அவரே.

அணியில் என்னைத் தவிர ஒரே ஒரு தமிழர். மதுரைக்காரத் தம்பி, வயது 31, ஓட்டத்தில் புலி. சனிக்கிழமை காலை அவனே என் வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தான். “அண்ணே, மெதுவா போவோம்ணே, நானும் நேத்து ராத்திரி பரோட்டா தின்னுட்டேன்” என்பான். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

ஜூலையில் ஒரு பயிற்சி மட்டும் எனக்குப் புதுசாக இருந்தது. ஒரே நாளில் காலை ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒன்று, மறுநாள் விடியலில் இன்னொன்று. மூன்றாவது ஓட்டத்தின் முதல் பத்து நிமிடம் கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். அதற்குப் பழகுவதே நோக்கம்.

வெள்ளி, சனி

நான் இரண்டாம் வேன். அதனால் மலையை நான் பார்க்கவே இல்லை. பெயரில் இருக்கும் ஹூட் மலையின் தொடக்கக் கோட்டில் முதல் வேன்காரர்கள் எடுத்த படத்தைத்தான் பார்த்தேன். ஆனால் அந்த மலை அவர்களை என்ன செய்தது என்பதைப் பார்த்தேன். தொடக்கத் துண்டுகள் செங்குத்தான இறக்கம். முதல் துண்டில் மட்டும் ஏறத்தாழ 600 மீட்டர் இறங்க வேண்டும். இறக்கம் சுகம் என்று நினைப்போம். இறங்கும்போது தொடைத்தசை சுருங்குவதற்குப் பதிலாக, நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது அப்போதுதான். வலி உடனே தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்குப் போகும். முதல் துண்டை ஓடியவர் சனிக்கிழமை சீசைடில் படிக்கட்டுகளைத் திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கினார்.

என் முதல் துண்டு மதியம் இரண்டு மணிக்கு, கிரெஷம் பக்கமிருந்து போர்ட்லாந்துக்குப் போகும் ஸ்பிரிங்வாட்டர் பாதையில். பழைய ரயில் தடத்தில் போட்ட தார்ப்பாதை. தட்டையானது, நிழல் குறைவு. உச்சிவெயில். முதல் இரண்டு கிலோமீட்டரைக் கூட்டத்தின் உற்சாகத்தில் பறந்தேன். அதற்கான கூலியை நாலாவது கிலோமீட்டரில் கொடுத்தேன். நடந்தேன். என்னைத் தாண்டிப் போனவர்களை எண்ணுவதை இருபதோடு நிறுத்திக்கொண்டேன். இந்த ஓட்டத்தில் தாண்டிய ஆட்களுக்குக் கணக்கு வைத்து வேன் கண்ணாடியில் கோடு போடுவார்கள். எங்கள் வேனில் என் பெயருக்கு நேராகக் கடைசி வரை ஒரு கோடும் விழவில்லை.

தனியாக ஓடியிருந்தால் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்கு போன் போட்டு, வந்து கூட்டிப் போகச் சொல்லியிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடக்கும்போது மனதில் ஓடியது ஆரோக்கியமோ சர்க்கரையோ அல்ல. அங்கே ஒருத்தி வெயிலில் நின்றுகொண்டு நான் வருகிறேனா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவே.

ராத்திரிதான் சங்கதி. செயின்ட் ஹெலன்ஸ் ஊரைத் தாண்டிக் கடலோர மலைத்தொடரின் காட்டுக்குள் போகும் சாலைகள். சில இடங்களில் தார் முடிந்து ஜல்லி ரோடு. வேன்கள் கிளப்பும் புழுதி தலைவிளக்கின் ஒளியில் பால் போலத் தொங்கும். எதிரே மூன்றடி வெண்மை, அதற்கப்பால் எதுவும் இல்லை. முன்னால் ஓடுபவரின் முதுகில் மினுக்கும் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். கைக்குட்டையை மூக்கில் கட்டியிருந்தேன். பல்லில் மணல் கரகரத்தது. மணி இரண்டு இருக்கும். விநோதம் என்னவென்றால், மூன்று துண்டுகளில் நான் நடக்காமல் ஓடியது இது ஒன்றுதான். குளிர்ச்சி ஒரு காரணம். எவ்வளவு தூரம் மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாதது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

கைமாற்றும் இடத்துக்கு வந்தேன். தன்னார்வலர் என் எண்ணைக் கூவினார். யாரும் வரவில்லை. மறுபடி கூவினார். பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஆயிரம் அணி என்றால் இரண்டாயிரம் வேன். அத்தனையும் ஒரே கிராமத்துச் சாலையில் வரிசை கட்டினால் என்ன ஆகும்? எங்கள் வேன் வரிசையில் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டில் போன் சிக்னல் கிடையாது. வியர்வை ஆறி உடம்பு நடுங்கத் தொடங்கியது. என்னைச் சுற்றி ஆட்கள் வந்தார்கள், பட்டையை அடித்தார்கள், போனார்கள்.

பதினொரு நிமிடம். எனக்கு அடுத்து ஓட வேண்டியவள் அணித் தலைவியின் மருமகள், 29 வயதுப் பள்ளி ஆசிரியை. வேன்களின் வரிசையை ஒட்டி இருட்டில் ஓடி வந்தாள், ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். நான் பட்டையை அடித்து “போ, போ” என்றேன். அந்தத் துண்டை அவள் பயிற்சியில் ஒருபோதும் ஓடாத வேகத்தில் ஓடினாள் என்று பிறகு கணக்குத் தாளைப் பார்த்தபோது தெரிந்தது. பதினொன்றில் நான்கு நிமிடத்தை மீட்டுவிட்டாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அப்புறம் மூன்றாம் துண்டு. கடலை நோக்கி ஏற்ற இறக்கமான சாலை, சனிக்கிழமை முற்பகல். தூக்கம் மொத்தம் ஐம்பது நிமிடம், ஈரப் புல்லில். சாப்பிட்டது வேகவைத்த உருளைக்கிழங்கு உப்புப் போட்டு, வாழைப்பழம், வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோன தயிர்ச் சாதம் நாரத்தங்காய் ஊறுகாயோடு. வேனில் இருந்த மற்ற ஐந்து பேரில் இருவர் அந்தத் தயிர்ச் சாதத்தில் பங்கு கேட்டார்கள். அமிர்தாஞ்சன் குப்பி எல்லோருடைய கெண்டைக்காலுக்கும் போய், காலியாகித் திரும்பி வந்தது. அந்தத் துண்டில் பாதியை ஓடினேன், பாதியை நடந்தேன். பிற்பகல் இரண்டே கால் மணிக்குக் கடற்கரை மணலில் பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினோம்.

எது வேலை செய்தது

ஊர் கூடித் தேர் இழுத்தோம் என்று இதைச் சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நண்பர்களிடம் சொன்னேன். யோசித்தால், இது தேர் இழுப்பதற்கு நேர் எதிர். தேர் வடத்தைப் பிடித்தவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும்: கூட்டத்தில் கை வைத்தால் போதும், இழுக்க வேண்டியதில்லை. மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். 1913-இல் வெளியான அவருடைய முடிவின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்குக் கிடைப்பது தனியாக இழுக்கும் வலுவில் பாதிதான். எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காதது ஒரு காரணம். ‘நான் விட்டால் யாருக்குத் தெரியும்’ என்பது இன்னொன்று.

தொடர் ஓட்டத்தில் உங்கள் துண்டில் வடத்தைப் பிடிக்க வேறு கையே இல்லை. இதை ஒட்டியும் ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பெர்லின் படகோட்டும் சங்கத்து ஆட்களைப் பாரம் தூக்க வைத்தார். ஜோடியாகத் தூக்கும்போது ஒருவர் ஓய்ந்தால் இருவரும் நிறுத்த வேண்டிய ஏற்பாடு. வலுக் குறைந்தவர் தனியாகத் தூக்கியதைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். அதிலும் இருவருக்கும் உள்ள வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் இந்தப் பலன் பெரிதாகத் தெரிந்தது. ரொம்பப் பெரிய வித்தியாசம் என்றால் பலவீனமானவர் ‘நமக்கு எங்கே’ என்று விட்டுவிடுகிறார். தம்பி எதற்குப் பரோட்டாக் கதை சொன்னான் என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் புரிந்தது. வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறான்.

உடம்புக்கு வந்த நன்மையை அந்த முப்பத்து மூன்று மணி நேரத்தின் கணக்கில் எழுதக் கூடாது. அதை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது உடம்புக்குச் செய்த கொடுமை: தூக்கமில்லை, புழுதி, வேன் இருக்கையில் மடங்கிய முட்டி, கருத்துப்போன கால் பெருவிரல் நகம். இதய நோய் இருப்பவர்கள், முட்டி வலிக்காரர்கள், மருந்தில் இருக்கும் சர்க்கரைக்காரர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. செலவும் சிறிதல்ல, பன்னிரண்டாகப் பிரித்தாலும்கூட. நன்மை எல்லாம் முந்தைய இருபது வாரத்தில் நடந்தது. 2002-இல் அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பு என்ற இலக்கு கொடுக்கப்பட்டவர்களில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 31 சதவீதம். இந்த 58-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் குழுவில் ஒவ்வொருவருக்கும் வழிநடத்த ஓர் ஆள் இருந்தார், பதினாறு பாடங்களை நேரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார் என்பதைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 150 நிமிடம் என்ற எண் என் மருத்துவரும் கொடுத்ததுதான்.

செப்டம்பரில் எடை 77. எச்பிஏ1சி 5.7. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது, ஆனால் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு

ஓட்டம் முடிந்ததும் பத்து நாள் ஓய்வு என்று முடிவு செய்தேன். அது ஆறு வாரம் ஆனது. பிறகு தீபாவளி, பிறகு மழை. அலுவலகத்தில் ஓட்டத்தைப் பற்றி எல்லோரிடமும் பேசினேன். ஓட்டத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ஓடவில்லை. ஜனவரியில் எடை 81. கற்றுக்கொண்டதாக நினைத்தது எதுவும் தானாக ஒட்டிக்கொள்ளவில்லை. நான் ‘மாறிவிட்டேன்’ என்று நம்பியதுதான் பிழை. மாறியிருந்தது ஏற்பாடு மட்டும், ஏற்பாட்டைக் கலைத்ததும் பழைய ஆள் அப்படியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பிப்ரவரியில் தம்பியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சனிக்கிழமை ஆறே கால். ஆனால் என் வீட்டு வாசலில் வேண்டாம். வாசலுக்கு வந்தால் நான் உள்ளே இருந்தபடி “இன்னைக்கு வேண்டாம்ப்பா” என்று கையசைத்துவிடுவேன். பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கட்டும். மழையில், காரில், விளக்கைப் போட்டபடி. வராவிட்டால் அவன் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும், அந்தப் பத்து நிமிடம் என் தலையில். “என்னண்ணே, இதுக்கு எதுக்கு இவ்வளவு ரூல்ஸு” என்றான். ஆனால் வந்தான். வாரநாளில் இரண்டு முறை, செவ்வாயும் வியாழனும், அதே ஏற்பாடு அந்த ஆசிரியையோடு, நேரம் மட்டும் மாலை. பதினொரு நிமிடக் கடனுக்கு வட்டி கட்டுவதாகச் சொல்கிறாள்.

இந்த ஆகஸ்டில் நான் ஓடவில்லை. போர்ட்லாந்து வட்டாரத்து அணிகள் ஒவ்வொன்றும் மூன்று தன்னார்வலரைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அந்த மூவரில் ஒருவனாக, ராத்திரி ஒரு மணி முதல் நின்று எண்களைக் கூவினேன். அதிலும் ஆள் வராத அணிகள் இருந்தன.

செப்டம்பர் பரிசோதனையில் எச்பிஏ1சி 5.6. எடை 79, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. தம்பி அக்காள் கல்யாணத்துக்கு மதுரை போய் மூன்று வாரம் ஆகிறது. அந்த மூன்று சனிக்கிழமையில் நான் பூங்காவுக்குப் போனது ஒரு முறை. வியாழக்கிழமை அவன் விமானம் வருகிறது.